கேட்டுவிட்டு எடுங்கள்

மார்ச் மாதம் வந்துவிட்டால் சென்னையைச் சுற்றியுள்ள உள்ளாட்சிகளில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் சுற்றத் தொடங்கும். ஆவடி மாநகராட்சியில் இருக்கும் சேக்காட்டுத் தெருக்களுக்கும் அந்தக் குரல் பழகியதுதான். சொத்துவரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் மாத முடிவுக்குள் கட்ட வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்லிக்கொண்டே போகும். பாக்கி உள்ளவரும் கேட்பார், இல்லாதவரும் கேட்பார்.

இன்னொரு வரி பாக்கி இருக்கிறது. அதற்கு ஒலிபெருக்கி கிடையாது. வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய ரீஃபண்டு பணம், என்றோ ஓர் ஆண்டின் நிலுவைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படவிருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் 21 நாளில் சொல்லுங்கள் என்று அதில் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ரிட்டர்ன் போடும்போது மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர் பிரவுசிங் சென்டர்காரராகவோ ஆடிட்டர் அலுவலக ஊழியராகவோ இருப்பார். அந்த அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதே வரி கட்டியவருக்குத் தெரியாது. 22-ஆம் நாள் பணம் போய்விடும்.

அரசு தனக்கு வரவேண்டிய வரியை வசூலித்தே ஆக வேண்டும். ஆவடியின் மழைநீர்க் கால்வாயும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. ஒழுங்காகக் கட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு, கட்டாதவரைக் கேட்கும்படி அரசிடம் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. என் கவலை வேறு. வசூலிக்கும் கை கடந்த இருபது ஆண்டுகளில் மிகவும் நீண்டுவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் வங்கிக் கணக்குவரை அது வந்துவிடுகிறது. எடுக்கும் முன் சொல்ல வேண்டும், சொன்னபின் பதிலைக் கேட்க வேண்டும் என்ற கடமை மட்டும் அந்த வேகத்துக்கு வளரவில்லை. இதனால் அடிபடுபவர்கள் பெரும்பாலும் சிறிய தொகைக்காரர்கள், எளிதில் கைக்கு எட்டுபவர்கள்.

சேக்காடு, பட்டாபிராம், ஆவடி வட்டாரத்தில் வசிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். டேங்க் ஃபேக்டரி என்று ஊர் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை, ஓ.சி.எஃப். எனப்படும் ராணுவ உடைத் தொழிற்சாலை, ராணுவ வாகனக் கிடங்கு, விமானப் படைத் தளம், ரயில்வே ஆகியவற்றில் சம்பளம் வாங்கியவர்களும் ஓய்வுபெற்றவர்களும் இங்கே ஏராளம். சம்பளம் கைக்கு வருமுன்பே இவர்களின் வரி பிடிக்கப்பட்டுவிடும். ஏய்ப்பதற்கு வழியே இல்லாத வர்க்கம் இது. பான் எண், ஆதார், வங்கிக் கணக்கு, ஓய்வூதியக் கணக்கு என்று எல்லாமே அரசுக்குத் தெரியும். தேடிப் பிடிக்க வேண்டிய தேவையில்லை என்பதாலேயே பாக்கி என்று ஒன்று கணினியில் ஏறிவிட்டால் முதலில் பிடிபடுபவர்களும் இவர்கள்தான்.

சட்டம் துறைக்குக் கொடுத்திருக்கும் கருவிகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். டிமாண்டு நோட்டீஸ் வந்த 30 நாளில் பணம் கட்ட வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் பொது விதி. கட்டாவிட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. அதற்குமேல் அபராதம் விதிக்கலாம். அது பாக்கித் தொகையின் அளவுவரை போகலாம். ரீஃபண்டைப் பிடித்துக்கொள்ளலாம். வேலை கொடுப்பவருக்கு எழுதிச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். வங்கிக்கோ, உங்களுக்குப் பணம் தரவேண்டிய வேறு எவருக்குமோ நோட்டீஸ் அனுப்பி அதை நேரே துறைக்குக் கட்டச் சொல்லலாம். இதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. இவற்றுக்கும் அப்பால் வரி மீட்பு அதிகாரி இருக்கிறார். அவர் சான்றிதழ் எழுதி, அசையும் சொத்து, அசையாச் சொத்து இரண்டையும் ஜப்தி செய்து ஏலம் விடலாம். கடைசியில் கைதுசெய்து சிவில் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்டு வந்தது. பிரிவு எண்கள் மாறின, அடிப்படை அமைப்பு மாறவில்லை.

இந்தக் கருவிகளை வகுத்தவர்கள் கருணையே இல்லாதவர்கள் அல்லர். ஜப்திக்குப் போகும் அதிகாரி சூரிய உதயத்துக்குப் பின், அஸ்தமனத்துக்கு முன் மட்டுமே பொருட்களைக் கைப்பற்றலாம் என்று 1961 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொன்னது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு எவற்றையெல்லாம் தொடக் கூடாது என்கிறதோ, அவற்றை வரி அதிகாரியும் தொடக் கூடாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், உழவரின் மாடும் விதை நெல்லும், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் ஊரில் அந்த நகை தாலி. பாக்கிக்காகப் பெண்களைக் கைதுசெய்யக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆண்களையும் நினைத்தபடி பிடிக்க முடியாது. சொத்தை மோசடியாக மாற்றியிருக்க வேண்டும், அல்லது கட்டும் வசதி இருந்தும் மறுத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் வழக்கொன்றில் 1980-இல் தீர்ப்பளித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வறுமை குற்றமல்ல, இல்லாமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளுவது அரசமைப்புக்கு விரோதம் என்று நிறுவியபோது, இருந்தும் தராதவரையும் இல்லாததால் தராதவரையும் பிரித்துப் பார்க்கும் இந்தக் கண்ணோட்டத்துக்கு இன்னும் உறுதி சேர்த்தார்.

இத்தனை பாதுகாப்புகளும் அமீனா வீட்டுக்குள் நடந்து வரும் காலத்துக்காக எழுதப்பட்டவை. இன்றைய குடும்பத்தின் சமையல் பாத்திரமும் விதை நெல்லும் வங்கிக் கணக்கில் இருக்கின்றன. வங்கிக்கு நோட்டீஸ் போனால் கணக்கிலுள்ள மொத்தத் தொகையும் முடக்கப்படலாம். சம்பளத்தை முதலாளியிடமிருந்து நேரடியாகப் பிடிக்கும்போது முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு என்கிறது அதே 60-ஆவது பிரிவு. அந்தச் சம்பளம் கணக்கில் விழுந்துவிட்டால், இந்த மாத வாடகை எது, பள்ளிக் கட்டணம் எது, மருந்துச் செலவு எது என்று வங்கி பார்ப்பதில்லை. அந்த 1,000 ரூபாய் வரம்பும் 1999-இல் நிறைவேறிய திருத்தத்தில் 400-லிருந்து உயர்த்தப்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. ஒரு மாதத்துக்கான எரிவாயு உருளையின் விலையைக் கழித்தால் அதில் மிஞ்சுவது சொற்பம்.

பிரிட்டன் இதே அதிகாரத்தை 2015-இல் தன் வரித் துறைக்குக் கொடுத்தது. நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கிக் கணக்கிலிருந்து பாக்கியை எடுக்கலாம் என்பதால் அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதனால் நிபந்தனைகளும் சேர்ந்தே வந்தன. பாக்கி 1,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் இந்த வழி கூடாது. எடுத்தபின் கணக்குகளில் குறைந்தது 5,000 பவுண்டு மிஞ்சியிருக்க வேண்டும். எடுக்குமுன் அதிகாரி ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, இவர்தான் பாக்கிதாரரா, நிலைமை என்ன என்று உறுதிசெய்ய வேண்டும். ஆட்சேபிக்க 30 நாள். அமெரிக்காவிலும் 1998-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின், சம்பளத்தையோ வங்கிப் பணத்தையோ பறிமுதல் செய்யுமுன் வரித் துறை நோட்டீஸ் கொடுத்து, வசூல் பிரிவுக்கு வெளியே இருக்கும் அதிகாரியிடம் விசாரணை கேட்கும் வாய்ப்பைத் தர வேண்டும். பணக்கார நாடுகளால்தான் இது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. வரி கேட்க நேரில் போவது நமக்குப் புதிதல்ல. பில் கலெக்டர் வீடு வீடாகப் போன ஊர்தான் இது.

வசூலிப்பவரின் கையில் எல்லா அதிகாரமும் குவிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பழைய சென்னை மாகாணத்தின் வரலாற்றிலேயே கொடூரமான சான்று இருக்கிறது. 1854 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற பிரச்சினை எழுந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் அவரது சென்னை மக்கள் சங்கமும் விடாமல் எழுப்பிய குரல் அதற்குப் பின்னால் இருந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணை ஆணையம் அமைந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் புகார்கள் குவிந்தன. முறையிடுவதற்காக நூறு மைலுக்கும் மேல் நடந்து வந்தவர்கள் இருந்தார்கள். 1855-இல் வெளியான அறிக்கை விரல்களை நசுக்கும் கிட்டியையும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளையும் பெயர் சொல்லியே பதிவுசெய்தது. அவற்றுக்கு ஆளானவர்களில் பலரிடம் கேட்கப்பட்ட பாக்கி மிகச் சொற்பம்.

ஆணையம் காரணத்தையும் கண்டது. தாசில்தாரே வரி வசூலிப்பவர், அவரே போலீஸ் அதிகாரமும் கொண்டவர். பாக்கி என்று சொல்பவரும் அடிப்பவரும் ஒருவர் என்றால் முறையிட யாரிடம் போவது? 1859-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்தில் போலீஸ் தனித் துறையாகப் பிரிந்ததற்கு இந்த அறிக்கை முக்கியமான உந்துதல். 1864-இல் வருவாய் வசூல் சட்டம் வந்து ஜப்திக்கும் ஏலத்துக்கும் எழுதப்பட்ட நடைமுறை உருவானது. தமிழ்நாடு வருவாய் வசூல் சட்டம் என்ற பெயரில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

இன்று எந்த அதிகாரியும் யாரையும் வெயிலில் நிறுத்துவதில்லை. அந்தக் கொடுமையோடு இன்றைய கணினி நோட்டீஸை ஒப்பிடுவது அநியாயம். ஆணையம் கண்ட அமைப்புக் கோளாறு மட்டும் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. வரியைக் கணக்கிட்டு டிமாண்டு எழுதும் அதிகாரியே, மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்கலாமா என்பதையும் முதலில் முடிவுசெய்கிறார். வங்கிக்கு நோட்டீஸ் அனுப்புபவரும் அவராக இருக்கலாம். சர்ச்சைக்குரிய தொகையில் 20 சதவீதத்தைக் கட்டினால்தான் வசூலை நிறுத்திவைப்பது என்பது 2017-இலிருந்து துறையின் பொது வழிகாட்டல். அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டும் நிறுத்தலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அப்படிக் குறைக்கத் துணியும் அதிகாரி, தன் வசூல் இலக்குக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ரீஃபண்டைப் பிடிக்கும் விஷயத்தில் அதிகாரிகூட முன்னால் இல்லை. மென்பொருளே கேட்கிறது, மென்பொருளே எடுக்கிறது.

அந்த மென்பொருளுக்குள் என்ன போயிற்று என்பதை 2013 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு விளக்கமாகச் சொல்கிறது. ஒரு கணக்குத் தணிக்கையாளர் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் தானாக நடத்திய வழக்கு அது. வட்டார அலுவலகங்களில் காகிதப் பதிவேடுகளில் கிடந்த பழைய நிலுவைகள், சரிபார்க்கப்படாமலே பெங்களூரு மையத்தின் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. பல டிமாண்டுகள் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்கப்படவே இல்லை. சில ஏற்கெனவே கட்டப்பட்டவை. பிடித்த வரியை நிறுவனம் தவறான எண்ணில் பதிவுசெய்ததால் உருவான பாக்கிகளும் உண்டு. வரி கட்டியவர் திருத்தக் கேட்டால் பெங்களூரு மையம் வட்டார அதிகாரியைக் கைகாட்டும், அவர் பெங்களூருவைக் கைகாட்டுவார். முன்கூட்டித் தெரிவித்து, பதிலைப் பரிசீலித்த பிறகே ரீஃபண்டை ஈடுகட்ட வேண்டும், அறிவிக்கப்படாத டிமாண்டை வசூலிக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

பதினோரு ஆண்டு கழித்து அரசே அதை ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், சரிபார்க்கப்படாத சிறுசிறு டிமாண்டுகள் 1962-ஆம் ஆண்டுவரை பின்னோக்கிப் போகின்றன, அவை நேர்மையான வரிதாரர்களை வாட்டுகின்றன, பின்னாளைய ரீஃபண்டுகளைத் தடுக்கின்றன என்றார். 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையிலும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையிலும் உள்ள நிலுவைகள் கைவிடப்பட்டன. ஒருவருக்கு மொத்த வரம்பு ஒரு லட்சம். நல்ல முடிவு. அப்போது வருவாய்த் துறைச் செயலர் தந்த எண்கள்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன. நாடு முழுக்க 2.68 கோடி டிமாண்டுகள், மொத்தம் 35 லட்சம் கோடி ரூபாய். அவற்றில் 2.1 கோடி டிமாண்டுகள் 25,000 ரூபாய்க்கு உட்பட்டவை. தள்ளுபடிக்கு வந்தவை 1.11 கோடி; அவற்றின் மொத்தம் 3,500 கோடி ரூபாய்ச் சொச்சம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிமாண்டுகளின் எண்ணிக்கையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல், தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு டிமாண்டுக்குச் சராசரி மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். இந்தத் தொகைக்காக ஏராளமானவர்களின் கணக்குகளில் பாக்கிதாரர் என்ற முத்திரை ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது. 35 லட்சம் கோடியில் மீதியின் பெரும்பகுதி வழக்குகளிலும், சொத்தே இல்லாமல் மூடிப்போன நிறுவனங்களின் பெயரிலும், கைக்கு எட்டாத இடங்களிலும் கிடக்கிறது. அதை வசூலிக்கக் கடுமையான உழைப்பு வேண்டும். மூவாயிரம் ரூபாயை ஓய்வூதியரின் ரீஃபண்டிலிருந்து எடுக்க எந்த உழைப்பும் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தள்ளுபடியைக் காட்டி யாரும் வரவோ ரீஃபண்டோ கோர முடியாது என்று அந்த உத்தரவே சொல்லிவிட்டது. தவறான பாக்கிக்காக முன்பே பணத்தை இழந்தவர் இழந்ததுதான்.

பிடித்த வரியின் கதை இன்னும் வேதனையானது. ஒரு நிறுவனம் ஊழியரின் சம்பளத்தில் வரியைப் பிடித்து, அரசுக்குக் கட்டாமல் விட்டுவிட்டால் பாக்கி யாருடையது? பிடிக்கப்பட்ட அளவுக்கு ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961 சட்டத்தின் 205-ஆவது பிரிவு நேரடியாகச் சொன்னது. 2015-இலும் 2016-இலும் மத்திய நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு இதை நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. இருந்தும் 2012-இல் பறப்பதை நிறுத்திய கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வரிக்கு மீண்டும் டிமாண்டு வந்து, பல ஆண்டு கழித்தும் உயர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. விமானிகளுக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த நிறுவனம் வழியே வேலை பார்த்து, அந்த நிறுவனமே காணாமல் போய், சம்பளப் பட்டியலில் மட்டும் வரிப் பிடித்தம் இருப்பவர் எங்கே போவார்? சட்டம் அவர் பக்கம் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லக்கூட ஆள் இல்லை.

ஜி.எஸ்.டி.யில் சிறு கடைக்காரர்களின் நிலையும் இதுதான். நோட்டீஸ் இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் ஏற்றப்படும். கடைக்காரர் பார்க்க மாட்டார். பதில் இல்லாததால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு போடப்படும். வங்கிக் கணக்கு முடங்கிய அன்று, சரக்குக்குப் பணம் அனுப்பப் போகும்போதுதான் தன்மேல் ஒரு வழக்கு நடந்ததே அவருக்குத் தெரியவரும். இப்படி வந்த மனுக்களை 2024-இலும் 2025-இலும் சென்னை உயர் நீதிமன்றம் வரிசையாக விசாரித்தது. பதிலே வராதபோது தளத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று அதிகாரி இருந்துவிடக் கூடாது, பதிவு அஞ்சல் முதலிய வேறு வழிகளிலும் தெரிவிக்க முயல வேண்டும் என்று சொல்லிப் பல உத்தரவுகளை ரத்துசெய்தது. பலரிடம் சர்ச்சைத் தொகையில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லித்தான் மறுவாய்ப்புக் கொடுத்தது. நோட்டீஸ் கைக்கு வராததற்கு அவர்கள் கட்டிய விலை அது.

உள்ளாட்சிப் பாக்கிக்கு வருவோம். சொத்துவரியை அரையாண்டு தொடங்கி 30 நாளில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. இந்த ஏற்பாடு நியாயமானது. 2022-இல் தமிழகம் முழுக்கச் சொத்துவரி உயர்த்தப்பட்ட பிறகு, பழைய ரசீதைப் பார்த்துத் தொகையை மனத்தில் வைத்திருந்தவர்களுக்குப் பாக்கி சேர்ந்தது. 2019-இல் மாநகராட்சியான ஆவடியைப் போன்று வேகமாக வளரும் புறநகரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனை கைமாறியிருக்கும், பத்திரமும் பட்டாவும் மாறியிருக்கும். வரிப் புத்தகத்தில் மட்டும் விற்றவர் பெயரே இருக்கும். நோட்டீஸ் அவர் பெயருக்குப் போகும். வீடு கட்ட வரைபட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் காலிமனை வரி பல ஆண்டுக்குச் சேர்ந்து நிற்பது வாங்கியவருக்குத் தெரியவரும். வீட்டுக் கடனின் முதல் தவணைக்காக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டச் சொல்வார்கள்.

பாக்கி வசூலிக்கக் குடிநீர், கழிவுநீர் இணைப்பைத் துண்டிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். சேக்காட்டிலும் பட்டாபிராமிலும் பல வீடுகளில் இருப்பவர் வாடகைக்காரர். உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார். வரி கட்டாதவர் அவர், தண்ணீர் இல்லாமல் போவது இவருக்கு. வீட்டில் பாட்டி இருப்பார், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும். வாடகையையே உரிமையாளருக்குத் தராமல் வரிக்கு நேரே கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் யாருடைய குழாயும் வறளாமல் பாக்கி வசூலாகும். கடை, திருமண மண்டபம், வணிக வளாகம் என்று வருமானம் தரும் கட்டடத்தைச் சீல் வைப்பது வேறு. குடியிருக்கும் வீட்டின் குழாயை அடைப்பது வேறு.

அவமானப்படுத்தி வசூலிப்பதும் அப்படியே. வாசலில் குப்பைத்தொட்டியை வைப்பது, மேளம் அடிப்பது, பெயர்ப் பட்டியலைப் பேனராகத் தெருமுனையில் கட்டுவது எல்லாம் தமிழக நகரங்களில் அவ்வப்போது செய்தியாகின்றன. 2006-இல் பாட்னா மாநகராட்சி திருநங்கைகளைக் கூலிக்கு அமர்த்திக் கடைகளின் முன் பாடி ஆடவைத்தது. பாக்கிதாரரை மட்டுமா அது கேவலப்படுத்தியது? ஒரு மனிதரின் இருப்பையே அடுத்தவருக்கு அவமானம் என்று ஆக்கியது. கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும் வணிகக் கட்டடத்தின் பெயரை இணையதளத்தில் வெளியிடுவதில் பொதுநலன் இருக்கிறது. எட்டாயிரம் ரூபாய் பாக்கிக்காரரின் பெயரைத் தெருமுனையில் கட்டுவதில், திருமணத்துக்கு இருக்கும் அவர் மகளின் தலைகுனிவைத் தவிர யாருக்கும் எதுவும் மிஞ்சாது.

குறை சொல்ல ஒரு வாசல் இருந்தது. வருமான வரிக்கென்று தனிக் குறைதீர்ப்பாளர் பதவி 2003-இல் உருவாகி, சென்னை உள்ளிட்ட நகரங்களில் இயங்கியது. வசூல் அதிகாரிக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் வரிதாரர் நேரில் போய்ப் பேசலாம் என்ற ஏற்பாடு அது. புகார்கள் குறைந்துவிட்டன, இணையவழிக் குறைதீர்ப்பு வந்துவிட்டது என்று காரணம் சொல்லி 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அதை ஒழித்தது. மறு ஆண்டே, 2020 ஆகஸ்டில், வரிதாரர் உரிமைச் சாசனம் வெளியானது. மரியாதையாக நடத்துவோம், நேர்மையானவர் என்றே கருதுவோம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மீறினால் யாரிடம் போவது என்பதற்கான மனிதரைத்தான் முந்தைய ஆண்டு எடுத்துவிட்டார்கள். சேக்காட்டிலிருந்து ஒருவர் மின்சார ரயில் ஏறி, மாறி, நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகத்துக்கே போனாலும், இணையதளத்தில் போடுங்கள் என்ற பதிலோடு திரும்ப நேர்கிறது.

குறைதீர்ப்பாளர் பதவி மீண்டும் வர வேண்டும். இம்முறை வசூலைச் சில வாரம் நிறுத்திவைக்கும் அதிகாரத்தோடு. வங்கிக்கு நோட்டீஸ் போனாலும் மூன்று மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைத் தொடக் கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். 60-ஆவது பிரிவின் 1,000 ரூபாயை விலைவாசிக் குறியீட்டோடு கட்டி ஆண்டுதோறும் உயர விட வேண்டும். பாக்கியைத் தவணையாகக் கட்ட அனுமதிக்கும் அதிகாரம் வருமான வரி அதிகாரிக்கு ஏற்கெனவே உண்டு. கேட்டால் கிடைக்கலாம் என்ற அந்த நிலையை, சிறு தொகைக்காரருக்கு உரிமையாகவே மாற்ற வேண்டும். பதில் வராத மின்னஞ்சலை நம்பிப் பணத்தை எடுக்காமல், ஒரு பதிவு அஞ்சலாவது அவரது வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். இவற்றுக்கு டெல்லியில் சட்டம் திருத்த வேண்டும், காலம் பிடிக்கும்.

ஆவடி மாநகராட்சி காத்திருக்கத் தேவையில்லை. ஒலிபெருக்கி ஆட்டோ மார்ச்சில் போவதற்குப் பதில், அரையாண்டு பிறக்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வார்டுதோறும் ஒரு நாள் மேசை போட்டு வருவாய் ஊழியர்கள் உட்காரலாம். பெயர் மாற்றம், கதவு எண் குழப்பம், இரட்டை வரிவிதிப்பு, கட்டிய ரசீது கணினியில் ஏறாதது ஆகியவற்றை அங்கேயே திருத்தி, மிஞ்சும் உண்மையான பாக்கிக்குத் தவணை எழுதிக் கொடுக்கலாம். துண்டிப்பு நோட்டீஸில் கையெழுத்துப் போடுமுன், அந்த வீட்டில் குடியிருப்பவர் உரிமையாளரா வாடகைக்காரரா என்று ஓர் ஊழியர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று ஆணையர் ஓர் அலுவலக உத்தரவு போடலாம். இதற்குச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, கூடுதல் நிதியும் தேவையில்லை.